கைத்தொலைபேசியில் வந்த காணிப் பத்திரம்: பெரிய திரையில் பார்ப்போம், கதவைச் சாத்திவிட்டு வருவோம்

சம்பூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் தமது இளைய மகனுடன் எமது நிலையத்துக்கு வந்திருந்தார். கையிலே ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளே விளிம்பு வெடித்த ஒரு கைத்தொலைபேசி. “காணிப் பத்திரம் இதுக்குள்ளதான் இருக்கு” என்று சொல்லி அதை எமது மேசையில் வைத்தார்.

2006ஆம் ஆண்டு அக்குடும்பம் இடம்பெயர்ந்தபோது, காணி அனுமதிப்பத்திரம் அவருடைய தமையனாரின் கையில் இருந்தது. தமையனார் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனார். பத்திரமும் அவருடன் போயிற்று. பல ஆண்டுகளின் பின்னர் அங்குள்ள முகாமிலிருந்து அதனைப் படமெடுத்து வட்ஸ்அப் வழியாக அனுப்பியிருந்தார். கைத்தொலைபேசியின் சிறிய திரையிலே பத்திரத்தின் இலக்கம் தெளிவாகத் தெரியவில்லை. “மூண்டோ எட்டோ விளங்குதில்லை தம்பி” என்று தாய் மகனிடம் சொல்ல, மகன் திரையை விரித்து விரித்துப் பார்த்துக் களைத்துவிட்டான்.

நிலையத்தில் இருந்த கணனியில் அதே வட்ஸ்அப்பைத் திறந்தோம். படம் திரை முழுவதும் விரிந்தது. இலக்கம், வழங்கிய திகதி, காணியின் எல்லைகள் எல்லாவற்றையும் வாசித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்; ஒரு பிரதியும் அச்சிட்டுக் கொடுத்தோம். தாயின் முகம் மலர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாட் காலை கணனியை இயக்கியபோது, அக்குடும்பத்தின் செய்திகள் எல்லாம் திரையிலே திறந்து கிடந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பற்றிய பேச்சு, மகளின் திருமணப் பேச்சு, அயலவருடனான எல்லைத் தகராறு என அனைத்தும் எவர் கண்ணுக்கும் தெரியக்கூடியதாக இருந்தன. இது அத்தாயின் தவறு அல்ல. கற்றுக்கொடுத்த நாம், திறப்பதைக் கற்றுக்கொடுத்தோம், பூட்டுவதைக் கற்றுக்கொடுக்கவில்லை. அன்றே அவர்களைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொல்லி, இணைப்பைத் துண்டித்தோம். இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது அந்தக் காலைப் பொழுதுதான்.

கடிதத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு

எமது மாவட்டத்து மக்கள் ஒரே முறை இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். தென்னமரவாடி மக்கள் 1984இல் ஊரை விட்டார்கள். 1990இல் பல குடும்பங்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குச் சென்றன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரையேறி வந்து வீட்டையும் அலுமாரியில் இருந்த பத்திரங்களையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. 2006இல் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடின. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் மட்டக்களப்புக்குப் போய், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015இல் சம்பூரில் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டபோதும், 2016இல் கடற்படையிடமிருந்த காணிகள் கைமாறியபோதும், “உமது காணி எது? அதற்கு ஆதாரம் எங்கே?” என்ற கேள்வியே முன்னால் நின்றது.

இவ்வாறு சிதறிய குடும்பங்களின் பத்திரங்களும் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று தமிழ்நாட்டில், ஒன்று கனடாவில், ஒன்று வவுனியாவில் உள்ள மாமியாரின் பெட்டிக்குள். யுத்த காலத்திலே செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்து தரும் சிறு கடிதத்துக்காகக் காத்திருந்தோம். பின்னர் திருகோணமலைப் பட்டணத்துத் தொலைத்தொடர்பு நிலையங்களிலே நேரம் குறித்து அழைப்புக்காகக் காத்திருந்தோம். மூதூரிலிருந்து அதற்காக லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்த நாட்கள் பலருக்கும் நினைவிருக்கும். இன்று கிண்ணியாப் பாலம் இருக்கிறது. கையிலே தொலைபேசி இருக்கிறது. ஒரு நொடியிலே படம் வந்து சேருகிறது. ஆயினும் வந்து சேர்ந்ததை வாசிக்கவும், பத்திரப்படுத்தவும், பிறர் கண்ணிலிருந்து காக்கவும் நாம் இன்னும் பழகவில்லை.

இது எப்படிக் கணனிக்கு வந்தது?

வட்ஸ்அப் 2009ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஜான் கூம், பிரையன் அக்டன் என்னும் இருவரால் ஆரம்பிக்கப்பட்டது. ஜான் கூமின் கதை எமக்கு அந்நியமானதல்ல. உக்ரேன் நாட்டிலிருந்து 16 வயதிலே தாயுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். அரசாங்கம் கொடுத்த உணவு முத்திரைக்காக வரிசையில் நின்ற குடும்பம் அது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வட்ஸ்அப்பை வாங்க உடன்பட்டபோது, தாம் முன்பு வரிசையில் நின்ற அந்த நலன்புரி அலுவலகக் கட்டடத்தின் வாசலிலே நின்றுதான் அவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

ஆரம்பத்திலே வட்ஸ்அப் கைத்தொலைபேசிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2015 ஜனவரியில் அதனைக் கணனித் திரையிலும் பார்க்க வழி செய்தார்கள். அப்பொழுது கணனித் திரை ஒரு கண்ணாடியைப் போன்றது. கைத்தொலைபேசி அணைந்தால் அல்லது அதன் இணைய இணைப்பு நின்றால் கணனியிலும் ஒன்றும் தெரியாது. 2021இலிருந்து இந்நிலை மாறிற்று. இப்பொழுது ஒரு கைத்தொலைபேசியுடன் நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். கைத்தொலைபேசி அணைந்திருந்தாலும், நாம் வீட்டுக்குப் போய்விட்டாலும், இணைத்த கணனியிலே செய்திகள் வந்துகொண்டே இருக்கும். 14 நாட்கள் கைத்தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திறக்காது விட்டால்தான் இணைப்புகள் தாமாக அறும்.

வாசக அன்பர்களே, இந்த இடத்தைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். முன்பு நாம் கைத்தொலைபேசியுடன் எழுந்து வந்தால் கண்ணாடியிலே உருவம் மறைந்துவிடும். இப்பொழுது நாம் எழுந்து வந்த பின்னரும் உருவம் அங்கேயே இருக்கும். வசதி கூடியிருக்கிறது, அதே அளவுக்கு ஆபத்தும் கூடியிருக்கிறது.

இணைப்பது எவ்வாறு?

முதலில் கணனியிலே இணைய உலாவியைத் திறந்து, ‘வெப் டொட் வட்ஸ்அப் டொட் கொம்’ என்ற முகவரிக்குச் செல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன ஒரு சதுரக் குறியீடு தோன்றும்.

இரண்டாவதாக, கைத்தொலைபேசியில் வட்ஸ்அப்பைத் திறந்து, அன்ட்ரொயிட் ஆயின் மேலே வலப்பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட வேண்டும். ஐபோன் ஆயின் அமைப்புகள் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்று ஆங்கிலத்திலோ, ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்று தமிழிலோ ஒரு சொல் இருக்கும். அதனைத் தொட்டு, கருவியை இணைக்கும்படி சொன்னால் கமரா திறக்கும்.

மூன்றாவதாக, கமராவைக் கணனியில் உள்ள சதுரக் குறியீட்டுக்கு நேரே பிடிக்க வேண்டும். சிறிது நேரத்திலே செய்திகள் கணனித் திரையில் வந்துவிடும். கமரா பழுதாயின், தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, கணனி காட்டும் எட்டு எழுத்துகளைக் கைத்தொலைபேசியில் தட்டியும் இணைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். கைத்தொலைபேசியிலிருந்து ஏற்கெனவே அழிந்துபோன படம் கணனியில் உயிர்த்தெழாது. கணனிக்கு வருவது கைத்தொலைபேசியில் இருக்கும் அண்மைக்காலச் செய்திகளே. ஒருவர் அனுப்பிய செய்தி எமக்குக் கிடைக்காதிருந்தால், நிறுவனம் அதனைத் தன் கணனிகளில் 30 நாட்கள் வரைதான் வைத்திருக்கும். கிடைத்த பின்னரோ, அது இருக்கும் இடம் எமது கைத்தொலைபேசிதான். ஆகவே கைத்தொலைபேசி களப்பில் விழுந்தால், காப்புப்பிரதி எடுத்து வைக்காதவருக்குப் பத்திரத்தின் படமும் களப்பில்தான்.

படமாக அன்று, ஆவணமாக

அத்தாயின் பத்திரத்தில் இலக்கம் தெரியாமற் போனதற்குத் திரையின் சிறுமை மாத்திரம் காரணமல்ல. சாதாரணமாக ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது, அது விரைவாகப் போகவேண்டும் என்பதற்காகப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பிள்ளையின் பிறந்தநாட் படத்துக்கு அது போதும். நாற்பது வருடப் பழைய பத்திரத்தின் மங்கிய மைக்கு அது போதாது.

ஆகவே வெளியூரில் உள்ள உறவினருக்கு இவ்வாறு சொல்லுங்கள். பத்திரத்தை மேசையில் மடிப்பின்றி விரித்து, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நான்கு மூலைகளும் தெரியும்படி படமெடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். பின்னுரித்தாளரின் பெயர், பின்னாளைய பதிவுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அனுப்பும்போது, காகிதக் கவ்வி போன்ற குறியைத் தொட்டு, ‘டொகியுமென்ட்’ என்ற வழியால் அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்பினால் படம் சுருங்காது. எடுத்தது எடுத்தபடியே வந்து சேரும். அதன்பின் கணனியில் திறந்து பெருப்பித்துப் பார்த்தால், முத்திரையின் விளிம்பில் உள்ள எழுத்தையும் பல வேளைகளில் வாசிக்கலாம்.

மனு எழுதுவோருக்கு ஒரு வார்த்தை

கிராம அபிவிருத்திச் சங்கங்களின் செயலாளர்கள் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் தட்டிய மனுவை எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால், அது தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கணனி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வட்ஸ்அப்புக்குத் தெரிந்தது யூனிக்கோட் முறை மட்டுமே. ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றிய பின் அனுப்பலாம். அல்லது மனுவைப் பீடீஎப் கோப்பாக்கி அனுப்பலாம். கையெழுத்திட வேண்டிய மனுவுக்கு இரண்டாவது வழியே நல்லது.

கைத்தொலைபேசியில் ஒரு விரலால் எழுதும் நீண்ட கடிதத்தை, கணனி விசைப்பலகையில் பத்து விரல்களாலும் எழுதலாம் என்பதும் சிறிய நன்மை அல்ல. கண்பார்வை குறைந்த பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாகக் காட்டுவது அதனினும் பெரிய நன்மை.

கதவைச் சாத்துதல்

1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் உதவியுடன் ஒரு புதுமையைச் செய்தது. நேயர்கள் கேள்விகளை அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்திலே தேடி விடையை வானொலியில் சொன்னார்கள். பின்னர் 2000களின் நடுப்பகுதியிலிருந்து நெனசல அறிவகங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. ஊருக்கு ஒரு கணனி என்பது நல்ல எண்ணம். அக்காலத்தில் அந்தக் கணனியிலே நாம் தேடியது நெல் நோயைப் பற்றியும் சந்தை விலையைப் பற்றியும். பத்துப் பேர் பார்த்தாலும் பாதகமில்லை. வட்ஸ்அப் அப்படியன்று. அதனுள்ளே எமது குடும்பம் முழுவதும் இருக்கிறது. பொதுக் கிணற்றடியில் வீட்டுப் பெட்டியைத் திறந்து வைப்பதைப் போன்றது, பொதுக் கணனியில் வட்ஸ்அப்பைத் திறப்பது.

எமது செய்திகளை வழியிலே எவரும் வாசிக்க முடியாதபடி 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப் முற்றாக மறைகுறியாக்கி அனுப்புகிறது. அது வழியிலே உள்ள பாதுகாப்பு. திறந்து கிடக்கும் திரைக்கு அது பாதுகாப்பு அல்ல. எனவே பிறருடைய கணனியைப் பாவிக்கும் ஒவ்வொருவரும் பின்வரும் நான்கையும் செய்ய வேண்டும்.

1. எழும்புமுன் வெளியேற வேண்டும். கணனியில் வட்ஸ்அப் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘லொக் அவுட்’ என்பதை அழுத்துங்கள். சாளரத்தை மூடுவது வெளியேறுவது ஆகாது. கதவைச் சாத்தாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டதைப் போன்றது அது.

2. இறக்கிய கோப்பை அழிக்க வேண்டும். கணனியில் திறந்து சேமித்த பத்திரம் ‘டவுன்லோட்ஸ்’ என்ற பெட்டிக்குள் இருக்கும். நீங்கள் வெளியேறினாலும் அது அங்கேயே தங்கும். பென்டிரைவில் பிரதி எடுத்தபின் அதனை அழித்து, குப்பைத்தொட்டிக் குறியிலிருந்தும் அகற்றுங்கள். தெரியாவிட்டால், “தம்பி, இதை அழிச்சுத் தாரும்” என்று கேட்டு, அழிவதைப் பார்த்துவிட்டே வாருங்கள்.

3. வீட்டுக்கு வந்து பட்டியலைப் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் அதே ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்துக்குப் போனால், எந்தெந்தக் கணனிகள் இணைந்துள்ளன என்று தெரியும். அறியாத பெயர் இருந்தால் அதனைத் தொட்டு வெளியேற்றலாம். கடைக்குத் திரும்பிப் போகத் தேவையில்லை. பட்டணத்தில் திறந்துவிட்டு வந்த கதவை மூதூரில் இருந்தபடியே சாத்தலாம். கிழமைக்கு ஒரு முறை இதனைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

4. எவர் கேட்டாலும் இலக்கத்தைக் கொடுக்கக் கூடாது. பரிசு விழுந்தது, நிவாரணம் வந்தது என்று சொல்லி, கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்பவரும், தாம் அனுப்பும் எட்டு எழுத்துகளைத் தட்டச் சொல்பவரும், ஒரு சதுரக் குறியீட்டைக் கமராவில் பிடிக்கச் சொல்பவரும் கேட்பது ஒன்றைத்தான்: உமது வீட்டுத் திறப்பு. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்து அச்செய்தி வந்தாலும், அவருக்குத் தொலைபேசி எடுத்து அவருடைய குரலைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரு படிநிலைச் சரிபார்ப்பு என்னும் ஆறிலக்கப் பூட்டையும் அமைப்புகளில் இட்டு வையுங்கள்.

எமது வீடுகளில் பெரும்பாலும் பெண்களே கணக்கையும் கடிதத்தையும் பார்க்கிறார்கள். குடும்பத் தலைவரை இழந்த வீடுகளில் எல்லாமே அவர்கள்தான். ஆனால் கைத்தொலைபேசியின் கட்டுப்பாடு மகனிடமோ மருமகனிடமோ இருக்கிறது. “எனக்கு இதெல்லாம் தெரியாது, பிள்ளைதான் பார்க்கும்” என்று சொல்லும் தாய்மாரை நாம் தினமும் சந்திக்கிறோம். பிள்ளை பார்க்கட்டும், ஆனால் எந்தக் கணனியில் இணைத்திருக்கிறான் என்ற பட்டியலைப் பார்க்கத் தாயும் பழக வேண்டும். நெற்கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது பாரிய வித்தை அல்ல.

பத்திரத்தின் படம், பத்திரம் ஆகாது

கைத்தொலைபேசியில் உள்ள படத்தைக் காட்டிக் காணியை மீட்டுவிடலாம் என்று நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். படம் மூலப் பத்திரம் அல்ல. ஆனால் படம் ஒரு வழிகாட்டி. நொத்தாரிசு எழுதிய உறுதியாயின், அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவு செய்யப்பட்ட ஏட்டின் இலக்கம் ஆகியன தெரிந்தால், காணிப் பதிவகத்திலே விண்ணப்பித்து உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைத் தேடிப் பெற வழியுண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரமாயின், அதன் விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பதியப்படுவது முறை. இலக்கத்தைக் கொண்டு போய்க் காணி உத்தியோகத்தரிடம் கேட்டால், பேரேட்டைப் புரட்ட அவருக்கும் இலகு. இலக்கம் இன்றிப் போனால், “பிறகு வாரும்” என்ற பதிலே கிடைக்கும்.

அத்துடன், வட்ஸ்அப்பை ஒரு பெட்டகமாக நினைக்க வேண்டாம். எமது நாட்டிலே 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. வட்ஸ்அப்பும் அவற்றுள் அடங்கியது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எவருடைய தடையுமின்றி, நிறுவனத்தின் சொந்தக் கோளாறினாலேயே ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் உலகெங்கும் நின்றுபோயிற்று. வழி என்பது வந்து போவதற்கு; வைத்திருப்பதற்கு அன்று. பத்திரம் அவ்வழியால் வந்ததும் மூன்று இடங்களில் வையுங்கள்: அச்சிட்ட பிரதி ஒன்று வீட்டில், நீர் புகாத உறையில், கோப்பு ஒன்று பென்டிரைவில், இன்னொரு பிரதி நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம், வேறு ஊரில். வெள்ளமும் கடலும் யுத்தமும் ஒரே நாளில் மூன்று ஊர்களுக்கு வருவது அரிது என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்?

மூலப் பத்திரத்தை வைத்திருக்கும் உறவினர் முதியவராயின், பிந்தாமல் இதனைச் செய்யுங்கள். அவர் கண்மூடிய பின், எந்தப் பெட்டியில் எது இருந்தது என்று சொல்ல ஆளிராது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

எமது நிலையத்திலே இப்பொழுது ஒரு சிறு ஒழுங்கு வைத்திருக்கிறோம். கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. வட்ஸ்அப்பை இணைப்பவர் நேரத்தை எழுத வேண்டும். எழும்பும்போது “வெளியேறினேன்” என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஓர் அடையாளம் இடலாம். மாலையில் நிலையத்தைப் பூட்டுபவர் கொப்பியையும் கணனியையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே விளக்கை அணைப்பார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் வாசிகசாலைகளும் இதனைப் பின்பற்றலாம்.

அடுத்த கூட்டத்திலே பின்வரும் வினாக்களைப் பற்றிக் கலந்துரையாடுங்கள்.

எமது சங்கத்தில் எத்தனை குடும்பங்களின் காணிப் பத்திரங்கள் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ உள்ளன? அவற்றின் படம் எம்மிடம் உண்டா? அச்சிட்ட பிரதி உண்டா?

எமது ஊரில் பொதுவாகப் பாவிக்கும் கணனி எது? அதற்குப் பொறுப்பானவர் யார்? மாலையில் அதனைப் பார்ப்பவர் யார்?

எமது கைத்தொலைபேசியுடன் இன்று எத்தனை கருவிகள் இணைந்துள்ளன? கூட்டத்திலிருந்து எழும்புமுன் ஒவ்வொருவரும் அதனைத் திறந்து பார்ப்போமா?

அத்தாய் மீண்டும் ஒரு நாள் வந்தார். பிரதேச செயலகத்திலே பேரேட்டில் அந்த இலக்கம் இருந்ததாகச் சொன்னார். தமையனாருக்கு அச்செய்தியை அனுப்ப வேண்டும் என்று கணனி முன்னால் தாமே அமர்ந்தார். மகன் பின்னால் நின்றான். செய்தியை அனுப்பிய பின், எம்மைக் கேளாமலே மூன்று புள்ளிகளைத் தேடி அழுத்தி வெளியேறினார். பிறகு கொப்பியில் கையொப்பமிட்டுவிட்டு, “இப்ப பாருங்கோ, பூட்டியிருக்கோ எண்டு” என்றார். பார்த்தோம். பூட்டியிருந்தது.